சொட்டுக் காக்கா

பள்ளிக்கூட ஆய்வுகூடத்து உதவியாளரை நாங்கள் எல்லோரும் லேப் காக்கா என்று கூப்பிடுவோம்; எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன். பிள்ளைகளும் நேரில் அப்படித்தான். முதுகுக்குப் பின்னால் மட்டும் சொட்டுக் காக்கா. பட்டப்பெயர் வைப்பதில் கல்முனைப் பிள்ளைகளை யாரும் வெல்ல முடியாது. ஆய்வுகூடத்துக் கண்ணாடிக் குழாயிலிருந்து அமிலம் விழுகிற மாதிரித்தான் அவரிடமிருந்து எதுவும் விழும். பேச்சும் அப்படி, சிரிப்பும் அப்படி. ஒரு சொல்லை விடுவார், அது கேட்டவரை என்ன செய்கிறது என்று முகத்தைப் பார்ப்பார், பிறகுதான் அடுத்த சொல். அவசரக்காரியான எனக்கு அவரோடு கதைத்து முடிப்பதற்குள் பாதி உயிர் போய்விடும்.

எழுபத்தெட்டில் சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருடம் நான் அங்கே விஞ்ஞானம் படிப்பிக்கப் போனேன். சொந்த ஊர் சம்மாந்துறை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். என் கணவருக்குக் கல்முனையில் கந்தோர் வேலை கிடைத்ததால் வழக்கத்தை விட்டு அங்கே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். வேலிக்கு அந்தப் பக்கம் லேப் காக்காவின் வீடு. அவரும் மகள் பரீதாவும் மட்டும் இருந்தார்கள். அவளுக்கு அப்போது பதினான்கு வயதிருக்கும். உம்மா இல்லாத பிள்ளை.

ஒரு சுண்டு சீனி கேட்டுத்தான் முதன்முதலில் அந்த வீட்டுக்குப் போனேன். முன் அறையில் இரும்புச் சட்டத்துக்குள் கண்ணாடி வைத்த மூன்றடித் தொட்டி. தண்ணீரின் மேல் ஒரு பொலித்தீன் பை மிதந்துகொண்டிருந்தது. அதற்குள் இரண்டு ஏஞ்சல் மீன்கள். கொழும்பிலிருந்து வந்த யாரோ மடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தவை. காக்கா பக்கத்தில் ஒரு வாங்கில் உட்கார்ந்து, தொட்டித் தண்ணீரில் அரைக் கோப்பை மொண்டு அந்தப் பைக்குள் ஊற்றினார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். கால் மணித்தியாலம் கழித்து இன்னொரு அரைக் கோப்பை.

"பையை அவிழ்த்துக் கொட்டினா என்ன காக்கா? ரெண்டும் நல்ல தண்ணிதானே" என்றேன்.

"சட்டெண்டு மாத்தப்படா டீச்சர்." கொஞ்சம் பொறுத்து, "கெட்ட தண்ணியில மீன் எப்பிடியாவது கெடந்து சீவிச்சிரும். சட்டெண்டு மாறின தண்ணியிலதான் மவுத்தாப் போகும்."

சீனி கிடைக்க முக்கால் மணித்தியாலம் ஆனது.

கடலிலிருந்து நாலு வீடு தள்ளியிருந்தது அவருடைய கிணறு. சூறாவளியில் கடல் தண்ணீர் ஏறி அது சவர்த்துப் போய்விட்டது. கேத்தலின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். தலைக்கு வைத்த சவுக்காரம் நுரைக்காமல் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். பாடப்புத்தகத்தில் அதற்குப் பெயர் வன்னீர். பள்ளிக்கூடத்துப் பைப்பில் வருகிற தண்ணீர் அவ்வளவு மோசமில்லை, ஆனால் குளோரின் மணக்கும். ஏஞ்சல் மீனுக்கு வன்னீரும் ஆகாது, குளோரினும் ஆகாது. ஆகவே இந்த மனிதர் தண்ணீரைச் சமைத்தார். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. பைப் தண்ணீரை வாயகன்ற வாளியில் இரண்டு நாள் ஆறப்போட்டு மணத்தைப் போக்குவார். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, படிந்த சுண்ணாம்பை அடியில் விட்டு மேல் தண்ணீரை மட்டும் வடிப்பார். மாரி காலத்தில் ஓட்டுக் கூரையிலிருந்து மழைத் தண்ணீர் பிடிப்பார். முதல் மூன்று மழையையும் விட்டுவிட்டு நாலாவதைத்தான் பிடிப்பார்.

எல்லாத் தண்ணீருக்கும் சோதனை உண்டு. ஒரு சின்னப் போத்தலில் பாதி தண்ணீர் எடுத்து, சவுக்காரக் கரைசலை ஒரு சொட்டு விட்டு, மூடிக் குலுக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். நுரை நிற்காவிட்டால் இன்னொரு சொட்டு. மழைத் தண்ணீருக்கு இரண்டு சொட்டுப் போதும், பைப்புக்கு எட்டு, அவருடைய கிணற்றுக்கு இருபத்தாறு. பிறகு நிறம் மாறுகிற பி.எச். தாளில் ஒரு துண்டை நனைத்து அட்டையோடு ஒப்பிடுவார். கிணற்றுத் தண்ணீரில் தாள் பச்சைக்கும் நீலத்துக்கும் இடையில் நிற்கும். கலந்த தண்ணீரில் இளம்பச்சையாகும். அந்த இளம்பச்சையைப் பார்க்கும்போது மட்டும் அவருக்கு முழுச் சிரிப்பு வரும்.

இதில் நான் மூக்கை நுழைத்த கதையைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். இவ்வளவு பாடு எதற்கு, அளந்து ஐதரோகுளோரிக்கமிலம் நாலு சொட்டு விட்டால் பி.எச். இறங்கிவிடுமே என்று நான்தான் சொன்னேன். பட்டதாரி ஆசிரியை சொன்னால் லேப் காக்கா மறுப்பாரா? விட்டார். தாள் இளம்பச்சை. மறுநாள் பழையபடி நீலம். மறுபடி விட்டார். மறுபடி நீலம். ஆறாம் நாள் காலையில் மீன்கள் எல்லாம் பக்கவாட்டில் மிதந்தன. வன்னீரில் கரைந்திருக்கிற சுண்ணாம்பு, இருக்கும்வரை அமிலத்தைத் தின்றுகொண்டிருக்கும். ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். சுண்ணாம்பு தீர்ந்த அன்று அடுத்த சொட்டு அப்படியே மீன் மேல் விழும். இதை நான் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்திருக்கிறேன். தொட்டியில் படித்தது அன்றுதான்.

"புத்தகம் பிழையில்ல டீச்சர்" என்று அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். "பதறின காரியம் சிதறும் எண்டு சொல்லுவாங்க. அதுதான்."

பரீதா சின்னப் பிள்ளையாக இருந்தபோது கடற்கரையில் சிப்பி பொறுக்கி வந்து தொட்டிக்குள் போட்டாளாம். நல்ல அழகான சிப்பிகள், பதினாறு. சிப்பி என்றால் சுண்ணாம்பு. தண்ணீர் நாளுக்கு நாள் இறுகிக்கொண்டு போனது. வேறு தகப்பனாக இருந்தால் கையை விட்டு அள்ளி எறிந்திருப்பார். இவர் ஒரு நாளைக்கு ஒரு சிப்பி வீதம், மகள் குர்ஆன் ஓதப் போயிருக்கிற நேரத்தில் எடுத்தார். பதினாறு நாளில் தொட்டி வெறுமையானது. தண்ணீருக்கும் தெரியாமல் பிள்ளைக்கும் தெரியாமல் முடித்துவிட்டேன் என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். அதை நான் பரீதாவிடம் சொன்னபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நான் ஒவ்வொரு நாளும் எண்ணினன் டீச்சர். பாவம், வாப்பாக்கு இது தெரியா."

அவருடைய இந்தக் குணத்தால் நட்டப்பட்டவர்களும் உண்டு. ஒரு வருடம் பரீட்சை முடிவு வந்தபோது, ஒரு பிள்ளை கணிதத்தில் தவறியிருந்தாள். காக்காவின் தெருக்காரி. முடிவுத் தாளை முதலில் பார்த்தவர் காக்காதான். "முடிவு இன்னும் சரியா வரல்லயாம்" என்று முதல் நாள் சொன்னார். "கணக்குத்தான் புள்ளி கொஞ்சம் கொறவாம்" என்று இரண்டு நாள் கழித்து. மீதியைச் சொல்லி முடிப்பதற்குள், திரும்பப் பார்க்கச் சொல்லி விண்ணப்பிக்கிற நாள் போய்விட்டது. தகப்பன் ஆய்வுகூட வாசலில் வந்து நின்று சத்தம் போட்டார். காக்கா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "புள்ள இப்ப அழாம இரிக்காளா?" என்று மட்டும் கேட்டார். அந்த மனிதர் சத்தத்தை விட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். எனக்கு அன்று காக்கா மீது ஆத்திரமாக வந்தது. நல்ல மனிதர் மீது ஆத்திரப்படுவது மாதிரி அலுப்பான வேலை வேறில்லை.

எதையும் சட்டென்று சொல்ல அவருக்கு இவ்வளவு பயம் எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் தெரிந்தது. சூறாவளியன்று அவர் மனைவிக்கு எட்டு மாதம். பள்ளிக்கூடக் கட்டடத்தில் ஊரோடு ஒதுங்கியிருந்தார்கள். விடிந்ததும் தெருக்காரர் ஒருவர் வந்து அந்தப் பெண்ணிடம், "உன்ட தம்பிக்கு மேல சுவர் விழுந்திட்டு, ஆள் மவுத்து" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாராம். இருந்த இடத்தில் அந்தப் பெண் விழுந்தார். வலி பிடித்தது. ரோட்டெல்லாம் தென்னை விழுந்து கிடந்தது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. பின்னேரம் தாயும் போய், பிள்ளையும் போய்விட்டது.

"சூறாவளி கொல்லல்ல டீச்சர். ரோட்டும் கொல்லல்ல. சட்டெண்டு சொன்னதுதான் கொன்டது" என்றார். ரோடு திறந்திருந்தால் அந்தப் பெண் பிழைத்திருப்பார் என்று எனக்கு இன்றும் எண்ணம். ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

பரீதாவின் கலியாணத்தைப் பேசி முடித்தது நான். மாப்பிள்ளை சம்மாந்துறையில் எனக்குத் தூரத்துச் சொந்தம். வயலும் மில்லுமாக வளர்ந்த, வாயாடிப் பையன். இரண்டு பேரும் நல்ல பொருத்தம். அவன் சிரித்தால் வேலிக்கு இந்தப் பக்கம் கேட்கும். அந்த நாளில் எல்லோரும் சவூதிக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள், அவனும் கட்டட வேலைக்குப் போனான். போகும்போது பரீதாவுக்கு இரண்டு மாதம்.

அவளுக்கு எட்டாம் மாதம் தொடங்கிய கிழமை, இடைவேளை நேரத்தில் காக்கா ஆய்வுகூடத்துக்குள் என்னைக் கூப்பிட்டார். கையில் தந்தி. ஆங்கிலத்தில் இருந்தது. அவருக்குப் போத்தல் லேபல் வாசிக்கிற அளவு ஆங்கிலம் தெரியும், ஆகவே அவருக்குப் பாதி விளங்கியிருக்க வேண்டும். நான் வாசித்தேன். வாசித்த உடனே, "மருமகன் மவுத்தாயிட்டார் காக்கா. உயரத்திலிருந்து விழுந்திட்டாராம். அங்கேயே அடக்கிட்டாங்களாம்" என்று சொன்னேன். என் வாய் அப்படி.

அவர் தந்தியை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "நீங்களும் நானும்தான் வாசிச்சிரிக்கம்" என்றார்.

"பரீதாவுக்கு இண்டைக்கே சொல்ல வேணும் காக்கா."

"சொல்லுவன். சட்டெண்டு சொல்ல மாட்டன். பிறசர் கூட இரிக்காம். மனசத் தாக்கிற எதுவும் ஆகாதெண்டு மருத்துவிச்சி சொல்லிரிக்கா."

"அவ இத்தா இரிக்க வேணுமே?"

புருஷன் மவுத்தானால் பெண்சாதி வெள்ளை உடுத்து, நகை நட்டுக் கழற்றி, வீட்டுக்குள் ஒதுங்கி இருக்க வேண்டும். நாலு மாதம் பத்து நாள். வயிற்றில் பிள்ளை இருந்தால் அது பிறக்கும்வரை. அவளுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், மவுத்தான நாளிலிருந்து அந்தக் கணக்கு ஓடும். ஐந்து நேரமும் தொழுகிற மனிதர், அவருக்குத் தெரியாததா?

"அந்தப் பாவம் என்ட கழுத்தில கெடக்கட்டும்" என்றார்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அவர் மூடினார். சம்மாந்துறைக்குப் போய் மாப்பிள்ளையின் உம்மாவின் முன்னால் உட்கார்ந்து அழுது, பேரப்பிள்ளை உயிரோடு வேண்டுமென்றால் எங்கள் தெருப் பக்கம் யாரும் வராதீர்கள் என்று கேட்டார். அந்த மனுஷி தன் மகனுக்காக அழுதுகொண்டே சரி என்றார். பள்ளிவாசல் மரைக்காரிடம் போய், மவுத்தானவருக்குத் தொழுகிற ஜனாஸாத் தொழுகை எங்கள் பள்ளியில் இப்போது வேண்டாம் என்றார். தெருவில் வீட்டுக்கு வீடு போனார். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அவருடைய மனைவி எப்படிப் போனார் என்பதை யாரும் மறக்கவில்லை. நானும் ஒத்துக்கொண்டேன்.

பிறகு சொட்டுகள் விழத் தொடங்கின. முதல் கிழமை, "காம்ப் மாத்திட்டாங்களாம், கடிதம் சுணங்கும்." அடுத்த கிழமை, "கூட்டாளி ஒருத்தர் எழுதியிரிக்கார், லேசான காய்ச்சலாம்." அதற்கடுத்து, "ஆஸ்பத்திரியில வெச்சிரிக்காங்களாம், பயமில்லையாம்." ஒவ்வொன்றையும் அஸர் தொழுதுவிட்டு வந்துதான் சொல்வார். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பார், தாளின் நிறத்தைப் பார்க்கிற மாதிரி. அவள் கொஞ்சம் அழுவாள். பிறகு எழும்பி, முகம் கை கால் கழுவி வுழு எடுத்துவிட்டுத் தொழுகைப் பாயில் போய் உட்காருவாள். அழுகை அடங்கியதென்று அவர் என்னிடம் வந்து சொல்வார். "தாங்கிறா டீச்சர். மெல்ல மெல்லத் தாங்கிறா."

இரண்டாம் கிழமையோ மூன்றாம் கிழமையோ ஒரு கசெற் வந்தது. அந்த நாளில் அங்கிருப்பவர்கள் எழுதுவதை விடக் கசெற்றில் கதைத்து அனுப்புவதுதான் அதிகம். விழுவதற்கு முதல் அனுப்பியது, யார் கையிலோ சுணங்கி வந்திருக்கிறது. காக்கா அதை மறைக்கவில்லை. மறைத்தால் சந்தேகப்படுவாள் என்றார். பரீதா ஜன்னலோரம் ரேடியோவை வைத்துப் போட்டாள். மவுத்தான பையனின் குரல் வேலியைத் தாண்டி என் குசினிக்கு வந்தது. வயலில் விதைச்சிட்டாங்களா என்று கேட்டான். பிள்ளை ஆணென்றால் என்ன பெயர், பெண்ணென்றால் என்ன பெயர் என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். அவள் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டாள். காக்கா முன் அறையில் மீன்தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அடுத்த நாள் ரேடியோவில் பற்றரி இல்லை.

பின்தெருவில் ஒரு கலியாணம் வந்தது. போகாதே என்று தடுத்தால் ஏன் என்று கேட்பாள். போகவிட்டார். மாப்பிள்ளை அனுப்பிய றோசாப்பூ நிறச் சாரியை உடுத்து, கை நிறையக் காப்புப் போட்டு, தலையில் பூ வைத்து, பெரிய வயிற்றோடு அவள் வந்தாள். பெண்கள் எழும்பி இடம் கொடுத்தார்கள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அடுப்படிப் புகை கண்ணைக் கரிக்கிறதென்று இரண்டு பேர் வெளியே போனார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்து அவள் வட்டிலப்பம் தின்றாள். நல்லா இரிக்கி டீச்சர், நீங்களும் தின்னுங்க என்றாள். நான் தின்றேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் வேலியோரம் அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"டீச்சர், வாப்பா எதையோ கொறைக்கிறாரு. ரேடியோவில பற்றரி இல்ல. சுவரில இருந்த அவர்ர போட்டோவ, கண்ணாடி உடைஞ்சிட்டெண்டு கழட்டிட்டாரு. தெருவில ஆரும் வந்து கதைக்கிறல்ல. ஒவ்வொண்டாக் கொறையிது. எனக்கு ஒளிக்காமச் சொல்லுங்க. அவருக்குக் காய்ச்சல் கடுமையா?"

சிப்பியை எண்ணிய பிள்ளை. அவளுக்குத் தெரியாமல் எதையும் எடுக்க முடியாது என்பது காக்காவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அவள் கேட்டது ஒரு கேள்வி. பதில் ஒரு வசனம்.

"காய்ச்சல்தானே புள்ள, மாறிரும்" என்றேன்.

அவள் முகம் தெளிந்துவிட்டது. என்னை நம்பினாள். அதை நினைத்தால் இன்றைக்கும் என் முகத்தில் எனக்கே துப்பலாம் போலிருக்கும்.

லேப் காக்கா அதற்குப் பிறகு ஏழெட்டு வருடம் இருந்தார். எண்பதுகள் முடிகிற நேரத்தில் மவுத்தானார். நான் வேறு பள்ளிக்கூடத்துக்கு மாறியிருந்தேன். நோய் நொடி ஒன்றுமில்லை, லுஹர் தொழுதுவிட்டு வந்து படுத்தவர் எழும்பவில்லையாம். அவரைப் பற்றி யார் கேட்டாலும் நல்ல மனிதர் என்றுதான் சொல்வேன். அதில் பொய்யில்லை. கிணறுகள் சவர்த்துக் கிடந்த காலத்தில் போத்தலும் சவுக்காரக் கரைசலுமாக வீடு வீடாகப் போய், எந்தக் கிணற்றில் பிள்ளைக்குப் பால் மா கரைக்கலாம், எதில் கரைக்கக் கூடாது என்று சொன்னவர் அவர். ஒரு உயிருக்கும் தீங்கு நினைத்ததில்லை. அப்படிப்பட்டவர் செய்ததால்தான் இதை இவ்வளவு வருடம் கழித்தும் என்னால் விழுங்க முடியவில்லை.

மாப்பிள்ளை மவுத்தான நாற்பதாம் நாள் சம்மாந்துறையில் அவன் வீட்டில் அவன் பேரில் குர்ஆன் ஓதிக் கத்தம் வைத்தார்கள். ஓதிவிட்டுச் சோற்றைப் பார்சல் கட்டிச் சொந்தக்காரர் வீடுகளுக்கு அனுப்புவது வழக்கம். மாப்பிள்ளையின் சாச்சி, சின்னம்மா முறையானவர் ஒருவர், அன்று காலையில்தான் வெளியூரிலிருந்து வந்திருந்தார். காக்கா வந்து அழுததும், எல்லோரும் ஒத்துக்கொண்டதும் அவருக்குத் தெரியாது. யாருக்கு மறந்தாலும் பெண்சாதி வீட்டுப் பங்கை மறக்கக் கூடாது என்று, ஒழுங்கு தெரிந்த மனுஷி, தானே பார்சலை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

சனிக்கிழமை. நான் பரீதாவின் வீட்டில்தான் இருந்தேன். பிறக்கப்போகிற பிள்ளைக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தோம். அந்த மனுஷி உள்ளே வந்தார். பரீதாவின் நீலச் சட்டையையும் கைக் காப்பையும் பார்த்துக் கொஞ்சம் திகைத்தார். பிறகு பார்சலை அவள் கையில் கொடுத்து, தலையைத் தடவி, "மகள், மனசத் தேத்திக்க. அவர்ர நாப்பது கத்தத்துச் சோறு இது. பேரைச் சொல்லி ஒரு வாய் தின்" என்றார்.

பரீதா பார்சலைப் பிடித்தபடியே இருந்தாள். விழவில்லை. கத்தவில்லை. வலி பிடிக்கவில்லை. காக்கா பயந்த ஒன்றும் நடக்கவில்லை. வந்த மனுஷியின் குரல் கேட்டு அவர் பின்பக்கத்திலிருந்து வந்தார், கையில் வாளி.

"எப்ப வாப்பா?" என்று கேட்டாள்.

"மகள்... முந்தி காய்ச்சல்தான்... பொறகு ஆஸ்பத்திரியில..."

"எப்ப எண்டு மட்டும் சொல்லுங்க."

அவர் மறுபடி காய்ச்சலிலிருந்து தொடங்கினார். நடு வழியிலிருந்து தொடங்க அந்த மனிதருக்குத் தெரியவில்லை. நான்தான் நாளைச் சொன்னேன். பரீதா என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். எனக்கும் தெரிந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பார்சலை மேசையில் வைத்தாள், காப்புகளைக் கழற்றி அதற்குப் பக்கத்தில் வைத்தாள், அறைக்குள் போய்விட்டாள். அன்றே வெள்ளை உடுத்தாள்.

அதிலிருந்து பதினோராம் நாள் பிள்ளை பிறந்தது. பெண். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு குறையுமில்லை. காக்கா பள்ளிவாசலுக்கு ஓடிப்போய் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி ஷுக்குர் செய்துவிட்டு வந்தார். வந்தவர், தெரு முழுவதும் கேட்க, சரியாகச் செய்துவிட்டேன், அல்லாஹ் காப்பாற்றினான் என்றார். அவர் ஒரே மூச்சில் கதைத்து நான் கேட்டது அன்று ஒரு நாள்தான்.

பிள்ளை பிறந்ததோடு இத்தா முடிந்தது என்று பெண்கள் சொன்னார்கள். பள்ளிவாசல் லெப்பையும் அப்படித்தான் என்றார். ஒரு பச்சைச் சாரியைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தார்கள். பரீதா அதைத் தொடவில்லை. தெரிந்த நாளிலிருந்து தானே எண்ணி, நாலு மாதமும் பத்து நாளும் முடித்துத்தான் அவள் அந்த வெள்ளையைக் கழற்றினாள். பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் மத்தியானம் காக்கா சோறு கொண்டுவந்து அறை வாசலில் நின்றார். நான் உள்ளே பிள்ளைத் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"மகள், மார்க்கத்தில முடிஞ்சிட்டெண்டு லெப்பையும் சொல்லிட்டார். இனி நீ வெளியில வரலாம்."

"மார்க்கத்துக்கு முடிஞ்சிட்டு வாப்பா. எனக்குப் பதினொரு நாள்தான் கெடச்ச."

"உன்னையும் புள்ளையையும் காப்பாத்தத்தான் மகள்..."

"ஓம். காப்பாத்திப்போட்டீங்க." பிள்ளையை மற்ற மார்புக்கு மாற்றினாள். குரலில் கோபமே இல்லை. "நாப்பது நாளும் அஞ்சு நேரமும் அவர் சுகமா இரிக்க வேணும் எண்டு கேட்டன். அழுதழுது கேட்டன். மவுத்தான மனிசருக்குக் கேக்கிற துஆவ ஒரு நேரமாவது கேட்டனா வாப்பா? கபுறுக்குள்ள அவர் தனியக் கெடந்து பாத்திட்டு இருந்திரிப்பாரு, என்ட பெண்சாதிட துஆ இன்னும் வரல்லயே எண்டு."

காக்கா சோற்றுப் பீங்கானை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதாவது சொல்லுங்கள் டீச்சர் என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். நான் மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன்.